ஐந்நூறு ரூபாய் மந்திரிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

புது ஆட்சி பதவியேற்றால் முதல் ஒரு மாதம் நாம் எல்லோருமே கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறோம். முதல் கையெழுத்து எதற்குப் போட்டார்கள்? எத்தனை கார் பின்னால் போயிற்று? யாருக்கு எந்த இலாகா? உழைத்தவர் யாரையாவது விட்டுவிட்டார்களா? டீக்கடையில் இதே பேச்சு. மாதம் முடிவதற்குள் "பரவாயில்லை, தேறிவிடுவார்கள்" என்றோ, "இவர்களும் அவர்கள் மாதிரிதான்" என்றோ தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? என்னைக் கேட்டால் 1937 ஜூலையில் வந்தது என்பேன். அதற்கு முன்பும் தேர்தல் நடந்தது, மந்திரிகள் இருந்தார்கள். 1920 முதல் ஜஸ்டிஸ் கட்சி இந்த மாகாணத்தில் பெரும்பாலான ஆண்டுகள் மந்திரிசபை அமைத்தது. ஆனால் அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டும் மந்திரிகள் கையில். போலீசும் நிதியும் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்கள் கையில். 1935 சட்டத்துக்குப் பிறகுதான் மாகாணத்தின் எல்லா இலாகாக்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் வந்தன. அதன்படி நடந்த முதல் தேர்தல் 1937 பிப்ரவரியில்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரக் கடற்கரையும், ராயலசீமையும், மலபாரும், தென்கன்னடமும் சேர்ந்தது. சட்டசபையில் 215 இடங்கள். காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. ஜஸ்டிஸ் கட்சி இருபதை ஒட்டி நின்றுவிட்டது. முதன்மை மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா தன் சொந்தக் கோட்டையான பொப்பிலியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். வாக்குச்சீட்டில் சின்னம் பார்க்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறப் பெட்டி. காங்கிரஸின் பெட்டி மஞ்சள். "மஞ்சள் பெட்டிக்கு வோட்டு" என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டவர்களில் முதலிடம் தீரர் சத்தியமூர்த்திக்கு.

வெற்றிக்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜெயித்தவர்கள் பதவி ஏற்கவில்லை. கவர்னருக்குச் சட்டம் தந்திருக்கும் தனி அதிகாரங்களை அன்றாட நிர்வாகத்தில் பயன்படுத்தக் கூடாது என்று உறுதி கேட்டது காங்கிரஸ். பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. ஏப்ரல் 1 அன்று மாகாண சுயாட்சி தொடங்கவேண்டும், யாராவது நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். ஜஸ்டிஸ் கட்சிக்காரரான கே. வி. ரெட்டி நாயுடு இடைக்கால மந்திரிசபை அமைத்தார். ஜெயித்தவர் வெளியே, தோற்றவர் கோட்டைக்குள்ளே. மூன்றரை மாதம் இப்படியே போயிற்று. ஜூலை முதல் வாரம் வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி பதவி ஏற்கலாம் என்று சொன்ன பிறகு, ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றார். அப்போது அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்று பெயரில்லை. பிரதம மந்திரி என்றே சொன்னார்கள்.

முதல் நாளிலிருந்தே இலாகா கணக்கு தொடங்கியது. பத்து பேர் கொண்ட மந்திரிசபை. பிரகாசம் ரெவின்யூ, கிரி தொழில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதாரம், யாகூப் ஹசன் பொதுப்பணி. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முனுசாமிப் பிள்ளை. ஒரு காலத்தில் தாமே முதன்மை மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயன் இப்போது கல்வி மந்திரி. சத்தியமூர்த்தி மட்டும் இல்லை. பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். ஊரெல்லாம் மஞ்சள் பெட்டிக்கு வோட்டு கேட்டவர் பெயர் பட்டியலில் காணவில்லை என்றால் தொண்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நிதி இலாகாவையும் போலீசையும் ராஜாஜி தம்மிடமே வைத்துக்கொண்டார். இந்தப் போலீஸ் விஷயத்தை நினைவில் வையுங்கள். பிறகு வருகிறேன்.

சத்தியமூர்த்தி இல்லாத குறையை மறக்கடித்தது ஒரு தொகை. 500 ரூபாய்.

அதற்கு முன் ஒரு மந்திரியின் மாதச் சம்பளம் 4,333 ரூபாயும் சில்லறையும். 1931 கராச்சி காங்கிரஸில், சாதாரணமாக எந்த அரசு ஊழியரும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். போட்டபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதிகாரம் கையில் இல்லாதவன் ஆயிரம் தீர்மானம் போடலாம். 1937இல் அதிகாரம் வந்தது, மந்திரிகள் 500தான் வாங்கினார்கள். வீட்டுக்கும் காருக்கும் தனிப்படி உண்டு என்பது உண்மை. 500 ரூபாயும் அன்றைக்கு ஏழையின் சம்பளம் அல்ல. ஆனாலும் 4,333 எங்கே, 500 எங்கே? மந்திரிக்குக் கீழே கோப்பு எழுதிய ஐ.சி.எஸ். அதிகாரி மந்திரியைவிடப் பல மடங்கு வாங்கினார். அவர் சம்பளத்தில் கைவைக்க மந்திரிகளுக்கு அதிகாரம் இல்லை, சட்டம் அதைப் பாதுகாத்தது. கைவைக்க முடிந்தது தங்கள் சம்பளத்தில்தான். வைத்தார்கள்.

சொன்னதைச் செய்தவர்கள் என்ற பெயர் அந்த ஒரு காரியத்தில் கிடைத்துவிட்டது. கதர் வேட்டியோடு கோட்டைக்குள் நடந்து போனவர்களைப் பார்த்து ஜனங்கள் பூரித்ததில் ஆச்சரியமே இல்லை. ஏழு வருஷம் முன்னால், 1930 ஏப்ரலில், திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து போய்ச் சிறைக்குப் போனவர் ராஜாஜி. அன்று அவரைக் கைது செய்த போலீஸ் இலாகா இன்று அவருக்குக் கீழே. நேற்றுவரை தடியால் அடித்த கை இன்று சலாம் வைக்கிறது. அந்தக் காட்சிக்கு ஈடாக எந்தப் பட்ஜெட்டாலும் சந்தோஷம் தர முடியாது.

இதில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அப்படிப் பூரித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. சொத்து, வரி, படிப்பு, இவற்றில் ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் அன்றைக்கு வாக்காளர். மாகாணத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டுப் போடாமலே "நம்ம ஆட்சி" என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு வட்டி அதிகம். ஓட்டுப் போட்டவனுக்காவது அடுத்த தேர்தல் என்று ஒன்று உண்டு.

அடுத்த காரியமும் தாமதமில்லாமல் வந்தது. பதவியேற்று மூன்று மாதம் ஆவதற்குள், 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய ஜில்லா அது. ராஜாஜியின் சொந்த ஜில்லா. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்து, 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். மாகாண வருமானத்தில் கலால் வரி ஒரு பெரும் பங்கு. தெரிந்தேதான் அதில் கைவைத்தார். அந்தக் குழியை நிரப்பத்தான் பிறகு, 1939இல், விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. இன்று கடையில் பில்லின் அடியில் வரி என்று ஒரு வரி பார்க்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா சேலத்துக் கள்ளுக்கடை மூடியதில் பிறந்தவர்!

எங்கள் பூர்வீகம் அந்த ஜில்லாதான். என் பாட்டி ராஜாஜியைப் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை. "கள்ளுக்கடையை மூடின அய்யரு" என்பாள். (அவர் ஐயங்கார். பாட்டிக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை.) அவளுக்கு அரசாங்கம் என்றால் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஆள் நிதானத்தோடு வருகிறானா, கூலி முழுதாக வருகிறதா. அதே ஊரில் மரம் ஏறிக் கள் இறக்கிப் பிழைத்தவர்களின் வீட்டில் அதே அக்டோபர் முதல் தேதியை வேறு விதமாகச் சொல்வார்கள். அவர்கள் பிழைப்பு அன்று போயிற்று. ஒரே உத்தரவு, பக்கத்துப் பக்கத்துத் தெரு, இரண்டு அபிப்பிராயம். "மக்கள் கருத்து" என்று ஒருமையில் யாராவது எழுதினால் எனக்கு இந்த இரண்டு தெருவும் ஞாபகம் வரும்.

மூன்றாவது பெரிய காரியம் கடன் நிவாரணம். 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது. முப்பதுகளின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்லும் கடலையும் விலை விழுந்து, கடன் மட்டும் விழாமல் நின்ற காலம். சட்டம் என்ன சொன்னது? 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 200 ரூபாய் வாங்கி, வட்டியும் முதலுமாக 400 கட்டியவன் இனிமேல் ஒரு காசு தரவேண்டாம். புதிய கடனுக்கு வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம்.

என் தாத்தா கிணறு வெட்ட வாங்கிய புரோநோட்டு இந்தச் சட்டத்தில்தான் தீர்ந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதோடு இன்னொன்றும் சொல்வார்கள். அடுத்த வருஷம் மாடு வாங்கப் பணம் கேட்டபோது ஒருவரும் கொடுக்கவில்லையாம். "சர்க்கார்கிட்டயே வாங்கிக்கப்பா" என்றாராம் கடன் கொடுப்பவர். ஆறேகால் வட்டிக்கு யார் கொடுப்பார்கள்? கூட்டுறவுச் சங்கம் எல்லா ஊரிலும் இல்லை. நல்ல சட்டமும் கூடவே ஒரு சங்கடத்தைக் கொண்டுவரும். அது முதல் மாதத்தில் தெரியாது.

இதுவரை படித்தால் இது பாராட்டுப் பதிவு போலத் தெரியும். பள்ளிப் பாடமும் இந்த இடத்தில் நின்றுவிடும். "ராஜாஜி அமைச்சரவையின் சாதனைகள்: மதுவிலக்கு, கடன் நிவாரணம், விற்பனை வரி" என்று மூன்று வரி எழுதினால் மதிப்பெண் போட்டுவிடலாம், நானும் போட்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "ஐயா, இவ்வளவு நல்லது செஞ்சவங்களை ரெண்டே வருஷத்துல ஏன் அவ்வளவு பேர் எதிர்த்தாங்க?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் போலீஸ் இலாகாவில் இருக்கிறது.

மதுவிலக்கு வந்த அதே 1937 அக்டோபரில் பம்பாய் சோஷலிஸ்டுத் தலைவர் எஸ். எஸ். பாட்லிவாலா சென்னை மாகாணத்தில் பேசிய பேச்சுக்காக ராஜத் துரோகக் குற்றத்தில் கைதானார். காந்தியையும் திலகரையும் சிறைக்கு அனுப்பிய அதே குற்றம். கைது செய்தது வெள்ளைக்காரக் கவர்னர் அல்ல, காங்கிரஸ் மந்திரிசபை. அந்த மாதக் கடைசியில் கல்கத்தாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் இதைப் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. நேருவுக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் ஊர்ப்புறத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? பாட்லிவாலா யாரோ ஒரு வெளியூர்க்காரர். கள்ளுக்கடை மூடிய சந்தோஷத்தில் அது காதில் விழவில்லை.

அடுத்து இந்தி. பதவியேற்ற அடுத்த மாதமே பள்ளிகளில் இந்தி வரும் என்று ராஜாஜி சொல்லத் தொடங்கினார். 1938 ஏப்ரல் 21 அன்று 125 உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. தமிழறிஞர்கள், சைவர்கள், சுயமரியாதைக்காரர்கள், முஸ்லிம்கள், இளைஞர்கள், பெண்கள் என்று அதுவரை ஒரே மேடையில் ஏறாதவர்கள் ஒன்றாக நின்றார்கள். ராஜாஜி வீட்டு முன்னாலும் சென்னையில் பள்ளி முன்னாலும் மறியல்.

மறியல் செய்தவர்களை எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் தெரியுமா? குற்றவியல் திருத்தச் சட்டம், 7ஆவது பிரிவு. 1932இல் சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்க வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்தது. அந்நியத் துணிக்கடை முன்னாலும் கள்ளுக்கடை முன்னாலும் மறியல் செய்த காங்கிரஸ் தொண்டர்களைச் சிறையில் தள்ளிய பிரிவு அது. அடக்குமுறைச் சட்டங்களை ஒழிக்கப் பாடுபடுவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதித்தான் காங்கிரஸ் ஓட்டுக் கேட்டது. அதே சட்டத்தை எடுத்து, அதே மறியலுக்கு, வேறு ஆட்கள்மேல் போட்டார்கள். மொத்தம் 1,198 பேர் கைது. அதில் 1,179 பேருக்குத் தண்டனை. பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32. 1938 டிசம்பரில் பெரியாருக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள்.

இந்தியை ராஜாஜி ஏன் விரும்பினார், அதில் நியாயம் உண்டா என்பது தனி விவாதம். என் கவனம் அதில் இல்லை. எதிர்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதில்தான். மேஜையில் பழைய ஆட்சி விட்டுப்போன சாமான்கள் இரண்டு இருந்தன. ஒன்று 4,333 ரூபாய் சம்பளம். இன்னொன்று 7ஆவது பிரிவு. முதலாவதை வேண்டாம் என்று தள்ளினார்கள். இரண்டாவதை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். முதலாவது எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டாவது, அது யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

கோயில் நுழைவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1938இல் எம். சி. ராஜா மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது ராஜாஜி ஆதரிக்கவில்லை, மலபாருக்கு மட்டும் தனி மசோதா போதும் என்றார். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த பிறகு, அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் செய்தவரும் அதே ராஜாஜிதான். வந்தது நல்லது. ஆனால் ஒரு வருஷம் முன்னால் நம்பி வந்து கேட்டவரைத் திருப்பி அனுப்பிய பிறகு வந்தது. "நம்ம ஆட்சி" என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினர் அந்த இடைவெளியில் விலகிவிட்டார்கள்.

1939 அக்டோபர் கடைசியில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. யாரும் கவிழ்க்கவில்லை. இந்தியரைக் கேட்காமல் வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்ததைக் கண்டித்து, எட்டு மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிகள் தாங்களாகவே வெளியேறினார்கள். கௌரவமான காரணம்தான். ஆனால் டிசம்பர் 22 அன்று, காங்கிரஸ் ஆட்சி ஒழிந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடும்படி முஸ்லிம் லீக் அழைத்தபோது பெரியார் அதை ஆதரித்தார். அம்பேத்கரும் ஆதரித்தார். இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தியைக் கவர்னர் எர்ஸ்கின் விலக்கினார். மக்கள் ஆட்சி போட்ட உத்தரவை ஒரு வெள்ளைக்கார கவர்னர் எடுத்தார், அதற்கு ஜனங்களில் ஒரு பகுதி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வரலாறு நடத்துகிறவனுக்கு இதைவிடச் சங்கடமான வாக்கியம் ஒன்று எழுதவேண்டி வராது.

இந்தி எதிர்ப்பில் சிறை சென்ற இளைஞர்களில் ஒருவர் காஞ்சிபுரத்து அண்ணாதுரை. 1967இல் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் அவரோடு கூட்டணி வைத்திருந்தவர் ராஜாஜி என்பது இந்தக் கதையின் இன்னொரு திருப்பம்.

அந்த ஜூலை மாதத்து ஜனங்கள் ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. 500 ரூபாய் உண்மை, கள்ளுக்கடை மூடியதும் புரோநோட்டு தீர்ந்ததும் உண்மை. அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். பாதியைப் பார்த்தார்கள். ஆட்சியாளர் தம்மை எப்படி நடத்திக்கொள்கிறார் என்பது ஒரு பாதி. தம்மை எதிர்ப்பவரை எப்படி நடத்துகிறார் என்பது மறு பாதி. முதல் பாதி பதவியேற்பு மேடையிலேயே தெரிந்துவிடும். மறு பாதியைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் போய்த் தேடவேண்டும். அங்கே முதலில் சிக்குகிறவர் பெரும்பாலும் நமக்குப் பழக்கமில்லாத, நமக்குப் பிடிக்காத ஓர் ஆளாகத்தான் இருப்பார். பாட்லிவாலா மாதிரி.

அதனால் எந்த ஊரில் எந்தக் கட்சி புதிதாக வந்தாலும், நான் ஒட்டிக்கு ரெட்டியாகக் கணக்கு எழுதுகிறேன். அவர்கள் எதைக் குறைத்துக்கொண்டார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம். முந்திய ஆட்சியில் தங்கள்மேல் பாய்ந்த சட்டங்களை இப்போது என்ன செய்கிறார்கள் என்று எதிர்ப்பக்கம். இரண்டாவது பக்கம் நிரம்ப நாளாகும். அது நிரம்பும்வரை தீர்ப்பு எழுதுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1937–39 பற்றி, கடன் தீர்ந்தது, கடை மூடியது, மறியலுக்குப் போனது என்று ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். மரம் ஏறிய குடும்பத்திலிருந்து யாராவது எழுதினால் இன்னும் நல்லது. அந்தத் தெருவின் கதை பாடப்புத்தகத்தில் இல்லை.